பாய்ன் ஆற்றங்கரையில் சைக்கிள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தில் சைக்கிள் ஓட்ட ஒரு நாள்தான் இருக்கிறது, எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்லும் பெயர் பாய்ன் ஆறு. டப்ளினுக்கு வடக்கே, மீத், லௌத் என்ற இரண்டு கவுன்ட்டிகளில், ஒரே நாளில் மிதித்து முடிக்கக்கூடிய ஒரு வட்டத்துக்குள் ஐயாயிரம் ஆண்டு வரலாறு கிடக்கிறது. அந்த வட்டத்தைப் பல முறை சுற்றியிருக்கிறேன். நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

அயர்லாந்து என்றாலே மேற்குக் கடற்கரை என்கிறார்களே, நீங்கள் ஏன் கிழக்கே அனுப்புகிறீர்கள்?

மேற்கு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அட்லாண்டிக் காற்றும் மழையும் முதலில் அங்கேதான் வந்து மோதும். மேற்கு மலைகளில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடங்கள் உண்டு. டப்ளின் வட்டாரத்தில் சுமார் 750 மில்லிமீட்டர். தவிர, மேற்கில் பேர்பெற்ற சாலைகளில் கோடைக்காலத்தில் சுற்றுலாப் பேருந்துகள் வரிசை கட்டி நிற்கும்.

பாய்ன் பக்கம் மலைகள் கிடையாது. பச்சை வயல், உயிர்வேலி, மாடு, அமைதி. அந்த வேலிகளுக்குப் பின்னால் பிரமிடுகளைவிடப் பழைய கல்லறைகள், இடிந்த மடங்கள், ஒரு போர்க்களம். இவற்றையெல்லாம் காரில் போய்ப் பார்த்தவர்கள் வாகன நிறுத்தங்களை எண்ணிவிட்டுத் திரும்புகிறார்கள். ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவில் இருக்கும் நிலத்தைப் பார்த்தால்தான் இந்த ஊர் பிடிபடும். அதற்குச் சைக்கிளின் வேகம்தான் சரி.

வட்டம் எவ்வளவு தூரம்? எந்த வழி?

ஏறக்குறைய 50 முதல் 55 கிலோமீட்டர். ட்ராஹெடா ஊரில் தொடங்கி, பாய்னின் தென்கரையோடு மேற்கே ஓல்ட்பிரிட்ஜ், டோனோர், நியூகிரேஞ்ச் பார்வையாளர் மையம், ரோஸ்னரீ. பிறகு ஸ்லேனில் ஆற்றைக் கடந்து, வடகரையில் கிழக்கு நோக்கித் திரும்பி நௌத், நியூகிரேஞ்ச், டௌத் கல்லறைகளின் ஓரமாக வந்து, அப்புறம் வடக்கே மெலிஃபான்ட், மொனாஸ்டர்பாய்ஸ். அங்கிருந்து ட்ராஹெடாவுக்கு இறக்கம்.

தூரத்தைப் பார்த்து இரண்டரை மணி நேர வேலை என்று நினைத்துவிடாதீர்கள். இறங்கி இறங்கிப் பார்க்க வேண்டிய பாதை இது. காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஆறு ஆகும். ஏற்றங்கள் சின்னச் சின்னவை. இருப்பதிலேயே உயரமான ஸ்லேன் குன்றே 158 மீட்டர்தான். ஆனால் ஆற்றுப் பள்ளத்தில் இறங்குவதும் ஏறுவதுமாக இருப்பதால் கால் வலிக்கத்தான் செய்யும்.

டப்ளினிலிருந்து சைக்கிளோடு போக முடியுமா?

முடியும். டப்ளின் கானலி நிலையத்திலிருந்து ட்ராஹெடாவுக்குப் புறநகர் ரயில்கள் அடிக்கடி உண்டு. வார நாட்களில் காலை, மாலை நெரிசல் நேரங்களில் மட்டும் மடக்க முடியாத சைக்கிளை ஏற்ற விட மாட்டார்கள். சனி, ஞாயிறு கவலையில்லை. ட்ராஹெடா நிலையம் மேட்டில் இருக்கிறது. வெளியே வந்ததும் ஊருக்குள் இறக்கம், சாயங்காலம் அதே மேட்டை ஏற வேண்டும். கொஞ்சம் தெம்பை மிச்சம் வையுங்கள்.

எந்தச் சாலையில் போகலாம், எதில் போகக் கூடாது?

சாலையின் எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். எம் என்றால் மோட்டார்வே, சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. என் என்றால் தேசியச் சாலை, அனுமதி உண்டு, ஆனால் லாரிகள் பறக்கும். ஆர் வட்டாரச் சாலை, பெரும்பாலும் பரவாயில்லை. எல் என்பது உள்ளூர்ச் சாலை. நம் இடம் அதுதான்.

எல் சாலைகளிலேயே மிகக் குறுகலானவற்றை அங்கே 'போரீன்' என்பார்கள். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு வேலி, நடுவில் புல் முளைத்த ஒரு கோடு, அதன் இருபுறமும் சக்கரம் ஓடும் அளவுக்குத் தார். ஐரிஷ் மொழியில் சாலைக்குப் 'போஹர்' என்று பெயர். அந்தச் சொல்லுக்குள் பசுவைக் குறிக்கும் 'போ' இருக்கிறது. போஹர் என்றால் மாடு போகிற வழி, போரீன் என்றால் மாடு போகிற சின்ன வழி. பாய்ன் என்ற ஆற்றின் பெயரும் வெள்ளைப் பசு என்று பொருள்படும் ஒரு பெண் தெய்வத்தின் பெயர்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, வேலிக்கு மேலாக எட்டிப் பார்க்கும் மாடுகளை நான் சும்மா கடந்து போனதே இல்லை.

கார்க்காரர்கள் எப்படி? பயமில்லையா?

இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பதுபோல் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதனால் பழகுவது சுலபம். 2025 பிப்ரவரியிலிருந்து கிராமப்புற உள்ளூர்ச் சாலைகளின் பொது வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டது. அதுவே வளைவுகளுக்கு அதிகம் என்பது என் எண்ணம். வேலி உயரமாக இருப்பதால் எதிரில் வருவது தெரியாது. வளைவுக்கு முன் வேகத்தைக் குறையுங்கள், காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு பேசுவதை நேர் சாலைக்கு ஒத்திப்போடுங்கள். காதில் பாட்டு வேண்டவே வேண்டாம்.

பின்னால் டிராக்டர் வந்தால், வயலின் கேட் இருக்கும் இடமாகப் பார்த்து ஒதுங்கி வழிவிடுங்கள். ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். அதுதான் அங்கே வணக்கம், நன்றி, சாப்பிட்டாச்சா எல்லாம். நீங்களும் ஒரு விரலை உயர்த்தினால் போதும்.

ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை. இருந்தாலும் போட்டுக்கொள்ளுங்கள். இருட்டினால் முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். அவசரத்துக்கு 112 அல்லது 999. அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி அஞ்சல் குறியீடு இருப்பதால், பக்கத்து வீட்டில் கேட்டு அதைச் சொன்னாலே ஆம்புலன்ஸ் சரியாக வந்துவிடும்.

நியூகிரேஞ்ச் வாசல் வரை சைக்கிளிலேயே போகலாமா?

உள்ளே போவதற்கு முடியாது. தென்கரையில் டோனோருக்குப் பக்கத்தில் இருக்கும் பார்வையாளர் மையத்துக்குப் போய், அங்கிருந்து அவர்களுடைய பேருந்தில்தான் போக வேண்டும். டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். கோடையில் நேரில் போய்க் கேட்டால் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். நல்ல பூட்டு ஒன்றும் கொண்டு போங்கள்.

இந்தச் சிரமம் தகும். கி.மு. 3200 வாக்கில், சக்கரமும் இரும்பும் இல்லாத உழவர்கள் கட்டிய கல்லறை இது. சுமார் 85 மீட்டர் குறுக்களவு கொண்ட மேடு, அதைச் சுற்றி 97 பெரிய கற்கள், உள்ளே 19 மீட்டர் நீள வழி. வாசலுக்கு மேலே ஒரு சின்னத் திறப்பு வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21-ஐ ஒட்டிய சில நாட்கள் மட்டும், சூரியன் உதிக்கும்போது அந்தத் திறப்பு வழியாக வெளிச்சம் நுழைந்து கடைசி அறையின் தரை வரை ஊர்ந்து போகும். பதினேழு நிமிடம், அப்புறம் மறுபடி இருட்டு. சூரியன் உள்ளே வரும் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அங்கே அகழாய்வு செய்த பேராசிரியர் எம்.ஜே. ஓ'கெல்லி 1967 டிசம்பர் 21 அன்று தனியாக உள்ளே நின்று அதைக் கண்ணால் பார்த்தார். இப்போது அந்த நாட்களில் உள்ளே நிற்பதற்குக் குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்ற நாட்களில் விளக்கை அணைத்து, செயற்கை ஒளியில் அதைக் காட்டுவார்கள். செயற்கைதான், ஆனாலும் அந்த இருட்டில் என் பக்கத்தில் நின்றவர்களின் மூச்சு நின்றுபோனது எனக்குக் கேட்டது.

டிக்கெட் கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். வடகரையின் உள்ளூர்ச் சாலை நியூகிரேஞ்சை ஒட்டியே போகிறது. வேலிக்கு மேலே அந்த வெள்ளைக் கல் சுவர் தெரியும். அதில் பதித்திருக்கும் வெண்கற்கள் தெற்கே விக்லோ மலைகளிலிருந்து வந்தவை.

நௌத், டௌத் இரண்டும் பார்க்க வேண்டுமா?

நௌத் போக அதே மையத்தில்தான் டிக்கெட். சுற்றுக்கற்கள் 127, அவற்றில் செதுக்கிய சுருள்களையும் வளையங்களையும் பார்க்கவே போகலாம். டௌத் அப்படியில்லை, சாலையோரத்தில் அமைதியாகக் கிடக்கிறது. 1847-இல் கண்டபடி தோண்டிய பள்ளம் அதன் உச்சியில் இன்னும் இருக்கிறது. சீரமைப்பும் கூட்டமும் இல்லாத இந்தக் கல்லறைதான், மூன்றில் எனக்கு மனதுக்கு நெருக்கமானது. 1993-இல் மூன்றும் சேர்ந்து உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயின.

வழியில் போர்க்களம் இருக்கிறது என்றீர்களே?

ட்ராஹெடாவைத் தாண்டியதும் ஓல்ட்பிரிட்ஜ். 1690 ஜூலை 1, அப்போதைய நாட்காட்டிப்படி, இங்கேதான் பாய்ன் போர் நடந்தது. இங்கிலாந்தின் அரியணைக்காக இரண்டு அரசர்கள் ஆற்றின் இரு கரையில் நின்றார்கள். வடகரையில் மூன்றாம் வில்லியம், சுமார் 36,000 வீரர்கள். தென்கரையில் அவருடைய மாமனார் இரண்டாம் ஜேம்ஸ், சுமார் 25,000 பேர்.

இந்தப் போரைப் பற்றி வரைபடத்தோடு படித்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சைக்கிளில் போனபோதுதான் விளங்கியது. வில்லியம் படையில் ஒரு பகுதியை மேற்கே ரோஸ்னரீ பக்கம் அனுப்பி ஆற்றைக் கடக்க வைத்தார். ஜேம்ஸ் அதையே முக்கியத் தாக்குதல் என்று நினைத்துப் பெரும்படையை அங்கே திருப்பினார். உண்மையான அடி ஓல்ட்பிரிட்ஜில் விழுந்தது. நீங்கள் தென்கரையில் மேற்கே மிதிக்கும் திசை, ஜேம்ஸின் பெரும்படை ரோஸ்னரீயை நோக்கி விரைந்த அதே திசை. ஆறு எவ்வளவு வளைகிறது, மேடு எப்படிப் பார்வையை மறைக்கிறது என்பது கால் வழியாகத் தெரிந்துவிடுகிறது. ஓல்ட்பிரிட்ஜ் மாளிகையில் இப்போது விளக்க மையம் இருக்கிறது, தோட்டமும் நன்றாக இருக்கும்.

ஸ்லேனில் என்ன? அந்தப் பாலம் ஆபத்து என்கிறார்களே?

உண்மைதான். ரோஸ்னரீ வழியாக வந்து சேரும் இடம் என்2 தேசியச் சாலை. அது செங்குத்தாக இறங்கி ஒரு பழைய குறுகிய பாலத்தில் ஏறுகிறது, லாரிகளும் அதில்தான் வருகின்றன. நான் அங்கே சைக்கிளை ஓட்டுவதில்லை, இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். பத்து நிமிடம்கூட ஆகாது.

ஊரின் நாற்சந்தியில் ஒன்றுபோலவே நான்கு பழைய கல் வீடுகள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். அங்கிருந்து குன்றுக்கு ஒரு குட்டி ஏற்றம். கி.பி. 433-இல், தாரா குன்றிலிருந்த அரசனின் கட்டளையை மீறி, கிறிஸ்தவத்தைப் பரப்ப வந்த புனித பேட்ரிக் ஈஸ்டர் நெருப்பை மூட்டியது இந்தக் குன்றில் என்பது மரபு.

ஸ்லேனிலிருந்து கிழக்கே என்51-இல் கொஞ்ச தூரம் போகும்போது சாலையோரத்தில் ஒரு சிறிய கல் வீடு வரும். கவிஞர் ஃபிரான்சிஸ் லெட்விட்ஜ் 1887-இல் ஸ்லேனில் பிறந்தவர், அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். பிழைப்புக்கு அவர் செய்தது இந்த வட்டாரத்தில் சாலை போடும் வேலை. முதல் உலகப் போரில் 1917 ஜூலை 31 அன்று, பெல்ஜியத்தில் ஈப்ர் அருகே குண்டு விழுந்து இறந்தார். அன்றும் அவர் சாலைதான் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் சக்கரத்துக்கு அடியில் இருக்கும் சாலையை நினைத்துக்கொள்வேன்.

நேரமில்லை என்றால் எதை விட்டுவிடலாம்?

எதை வேண்டுமானாலும் விடுங்கள், மொனாஸ்டர்பாய்ஸை மட்டும் விடாதீர்கள். டிக்கெட் தேவையில்லை. பழைய மடம் ஒன்று இருந்த இடம், இன்றும் ஊர்க்காரர்களைப் புதைக்கும் கல்லறைத் தோட்டம் அது. அதற்குள் ஒரு வட்டக் கோபுரமும், ஆயிரம் ஆண்டுக்கு மேலான கற்சிலுவைகளும் நிற்கின்றன. முர்யதாக் சிலுவை ஐந்து மீட்டருக்கு மேல் உயரம், உடம்பெல்லாம் சிற்பம். ஆதாமும் ஏவாளும், காயீனும் ஆபேலும், நடுவட்டத்தில் இறுதித் தீர்ப்பு. அதற்குக் கீழே ஓர் ஆன்மாவைத் தராசில் நிறுக்கிறார்கள். தராசுக்கு அடியில் சாத்தான் மல்லாந்து கிடந்து தட்டை இழுக்கப் பார்க்கிறான். எழுத்துத் தெரியாத மக்களுக்குக் கதை சொல்ல எழுப்பியது இது.

மேற்கு முகத்தின் அடியில் குனிந்து பாருங்கள். "இச்சிலுவையைச் செய்வித்த முர்யதாக்குக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்று பழைய ஐரிஷில் வெட்டியிருக்கிறது. அந்த எழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு பூனைகள் படுத்திருக்கின்றன. ஒன்று குட்டியை நக்குகிறது, இன்னொன்று ஒரு பறவையைப் பிடித்து வைத்திருக்கிறது. கல் தேய்ந்து மழுங்கியிருந்தாலும் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது முதுகின் வளைவு தெளிவாகத் தெரியும். மடத்தில் வளர்ந்த பூனைகளைச் சிற்பி பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் செதுக்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். இதனாலேயே வட்டத்தின் கடைசியில் இந்த இடம் வரும்படி திட்டமிடுகிறேன். காலையில் மேற்கு முகம் நிழலில் கிடக்கும்.

அதற்கு முன்னால் வரும் மெலிஃபான்ட், 1142-இல் தொடங்கியது, சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவத் துறவியர் சபைக்கு அயர்லாந்தில் முதல் மடம். பெயருக்கு லத்தீனில் தேன் ஊற்று என்று பொருள். பெரும்பாலும் அடித்தளம் மட்டுமே மிச்சம். ஆனால் துறவிகள் சாப்பாட்டுக்கு முன் கை கழுவிய எண்கோண மண்டபத்தின் பாதி, வளைவுகளோடு நிற்கிறது. பக்கத்தில் மேட்டக் ஓடையின் சத்தம். கொண்டு வந்த ரொட்டியை அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம்.

எந்த மாதம் நல்லது?

மே, ஜூன். மே மாதம் வேலியெல்லாம் ஹாதார்ன் பூத்து வெள்ளையாக இருக்கும். ஜூனில் பகல் பதினேழு மணி நேரம். ஆகஸ்டு கடைசியில் வேலியில் பிளாக்பெர்ரி பழுத்திருக்கும், நிறுத்தி நிறுத்திப் பறித்துத் தின்னலாம். டிசம்பரில் ஏழரை மணி நேர வெளிச்சம்தான், இந்த வட்டத்துக்குப் போதாது.

காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். ட்ராஹெடாவில் தொடங்கி முதலில் மேற்கே போகச் சொல்வது அதனால்தான். தெம்பு இருக்கும்போது எதிர்காற்றை முடித்துவிட்டால், திரும்பும்போது அதுவே முதுகைத் தள்ளிவிடும். மழைக்குப் பயந்து நாளைத் தள்ளிப்போடாதீர்கள். மெல்லிய மழைச் சட்டை ஒன்று பையில் இருந்தால் போதும், அரை மணியில் வெயில் வந்துவிடும்.

என்ன சைக்கிள், என்ன டயர்?

ரோடு பைக் போதும், ஆனால் டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், 32 என்றால் இன்னும் நல்லது. அங்கே கிராமச் சாலைகளில் தாரை ஊற்றி, மேலே பொடி ஜல்லியைத் தூவி உருட்டிவிடுவார்கள். மெல்லிய டயரில் கையெல்லாம் அதிரும். புதிதாகப் போட்ட இடத்தில் ஜல்லி ஒட்டாமல் கிடக்கும், அங்கே பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள்.

செப்டம்பருக்குப் பிறகு போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் 1 முதல் ஆகஸ்டு 31 வரை வேலியை வெட்டச் சட்டம் தடை போடுகிறது. செப்டம்பர் பிறந்ததும் டிராக்டர்கள் இறங்கி ஒரே மூச்சில் வெட்டும், முள்ளெல்லாம் சாலையில் விழும். ஓர் அக்டோபர் காலை டுலியாலன் அருகே எனக்கு முன் சக்கரம் பஞ்சர். டியூபை மாற்றிக் காற்றடித்துக் கிளம்பினேன், முன்னூறு மீட்டரில் மறுபடி இறங்கிவிட்டது. டயரைக் கழற்றி உள்பக்கம் விரலால் தடவியபோதுதான் அகப்பட்டது: கறுத்த, ஊசி போன்ற ஒரு முள், டயருக்குள் முழுதாகப் புதைந்து, நுனி மட்டும் ஒரு மில்லிமீட்டர் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்காமல் எத்தனை டியூப் மாற்றினாலும் பயனில்லை. டியூபை மாற்றும் முன் டயரின் உள்பக்கத்தை மெதுவாகத் தடவிப் பாருங்கள். இலையுதிர் காலத்தில் இரண்டு டியூபும் ஒட்டுப் போடும் பொருட்களும் எடுத்துப் போங்கள். வழியில் கிராமங்களில் சைக்கிள் கடை இருக்காது.

சாப்பாடு, தண்ணீர்?

குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். டோனோரிலும் ஸ்லேனிலும் கடை உண்டு, நியூகிரேஞ்ச் மையத்தில் காபிக் கடை உண்டு. ஸ்லேனுக்குப் பிறகு பெரிதாக ஒன்றும் கிடைக்காது, அங்கேயே பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். சைவர்களுக்குக் காய்கறி சூப்பும் பழுப்பு சோடா ரொட்டியும் பெரும்பாலும் கிடைக்கும். சூப்பில் கோழிச் சாறு சேர்த்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். டீ நன்றாகக் கடுப்பமாகவே இருக்கும்.

குழந்தைகளோடு போகலாமா?

முழு வட்டம் வேண்டாம். ட்ராஹெடாவிலிருந்து ஓல்ட்பிரிட்ஜ் வரை ஆற்றோரமாகவே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனிப் பாதை இருக்கிறது. போர்க்கள மாளிகையின் புல்வெளியில் விளையாட விட்டுவிட்டு அதே வழியில் திரும்பலாம்.

இன்னொரு நாள் இருந்தால்?

தாராவும் ட்ரிம்மும். தாரா குன்றில் பார்வைக்குப் புல்மேடுகள்தான், ஆனால் அயர்லாந்தின் அரசர்களுக்குரிய இடம் அது. 1843 ஆகஸ்டு 15 அன்று ஐரிஷ் அரசியல் தலைவர் டேனியல் ஓ'கானல் பேச்சைக் கேட்க லட்சக்கணக்கானோர் அங்கே திரண்டார்கள். அங்கிருந்து உள்ளூர்ச் சாலைகளில் பெக்டிவ் மடம். மெலிஃபான்ட்டிலிருந்து 1147-இல் கிளைத்தது, வயல் நடுவே ஆற்றோரம் நிற்கிறது. பிறகு ட்ரிம் கோட்டை, அதன் நடுக் கோபுரத்துக்கு இருபது மூலைகள். நவன் ஊரில் தங்கினால் இதை நிதானமாகச் சுற்றலாம்.

விசா?

பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா செல்லும் ஷெங்கன் பகுதியில் அயர்லாந்து இல்லை, ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு போக முடியாது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுகளுக்குப் பொதுவாகத் தனி ஐரிஷ் விசா வேண்டும். வடக்கே இருக்கும் வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. எல்லையில் தடுப்போ சாவடியோ இருக்காது, தூரப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறுவதுதான் அடையாளம். இந்த வட்டம் எல்லைப் பக்கமே போகாது. இதை நீட்டி வடக்கே ஓட்ட நினைப்பவர்கள் மட்டும் பிரிட்டன் அனுமதியையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.